பின்தொடர்பவரை உங்கள் தளத்தின் சரியான பக்கத்தில் இறக்கிவிடுவது எப்படி?

மாடித்தோட்டம் பற்றி எழுதுவதற்காக ஒரு சிறிய இணையதளம் வைத்திருக்கிறேன். கூடவே இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் சானல், வாட்ஸ்அப் சானல். ஒருமுறை தொட்டிக்கான மண்கலவை பற்றி ஒரு ரீல் போட்டேன். செம்மண் எவ்வளவு, தேங்காய் நார்க்கழிவு எவ்வளவு, மண்புழு உரம் எவ்வளவு என்பதையெல்லாம் தளத்தில் விரிவாக எழுதியிருந்தேன். கேப்ஷனில் "லிங்க் பயோவில்" என்று போட்டேன். மறுநாள் ஒரு பெண் செய்தி அனுப்பினார்: "அக்கா, லிங்கைத் தட்டினேன். உங்க பேரும் ரோஜாப்பூ படமும்தான் வருது. மண்ணு அளவு எங்கக்கா இருக்கு?"

அவர் தட்டியது முகப்புப் பக்கத்துக்கான இணைப்பு. அன்று காலை போட்ட ரோஜாக் கட்டுரை முகப்பின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அவருக்கு வேண்டியது ஆறு கட்டுரை தள்ளிக் கீழே கிடந்தது. அவராவது கேட்டார். கேட்காமலே திரும்பிப் போனவர்களை நினைத்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. அன்று தொடங்கி இந்த வேலையை ஒழுங்குபடுத்த எனக்கு மூன்று மாதம் ஆனது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சமையல் எழுதலாம், டியூஷன் நடத்தலாம், புடவை விற்கலாம். வேலை எல்லோருக்கும் ஒன்றுதான்: ரீலைப் பார்த்தவர் எதைக் கேட்டாரோ, ஒரே தட்டலில் அந்தப் பக்கம் திறக்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டை எடுங்கள். அதில் உங்கள் டொமைன் (தளத்தின் பெயர்) எந்த மின்னஞ்சலில், எந்தக் கைபேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது, ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்) யாரிடம், இரண்டும் எந்தத் தேதியில் காலாவதி என்று எழுதுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் கணக்குகளுக்கான எண்ணையும் மின்னஞ்சலையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பலருக்கு இங்கேயே சிக்கல் தொடங்கும். தளத்தைச் செய்துகொடுத்த தம்பி தன் மின்னஞ்சலில் டொமைனை வாங்கியிருப்பார். இன்ஸ்டாகிராம் கணக்கு எப்போதோ வைத்திருந்த பழைய சிம்மில் இருக்கும். 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் ப்ரீபெய்ட் எண் துண்டிக்கப்பட்டு இன்னொருவர் கைக்குப் போகலாம். அதனால் முதலில் எல்லாவற்றையும் உங்கள் பெயருக்கும் நடப்பில் உள்ள எண்ணுக்கும் மாற்றுங்கள். இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, அது தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள்.

ஆவணம் என்று பார்த்தால் அதிகம் இல்லை. டாட் இன் பெயர் வாங்கினால் அடையாளச் சான்று கேட்பது உண்டு. யூடியூபில் இணைப்பு வேலைசெய்ய ஒரு சரிபார்ப்பு இருக்கிறது, அதற்குக் கடவுச்சீட்டோ ஓட்டுநர் உரிமமோ உதவும். சான்றில் உள்ள பெயரும் நீங்கள் நிரப்பும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முதலெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற நம்மூர்க் குழப்பம் இங்கே வேண்டாம். சான்றில் எப்படியோ, படிவத்திலும் அப்படியே.

செலவு: டாட் காம் பெயருக்குப் புதுப்பிக்கும்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 முதல் 1,500 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ஹோஸ்டிங்குக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம். இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. இந்தக் கட்டுரையில் சொல்லும் மற்ற எல்லாமே இலவசமாகச் செய்யக்கூடியவை. விளம்பரத்தில் தெரியும் விலை முதல் வருடத்துக்கானது, அல்லது மூன்று நான்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் வரும் மாதக் கணக்கு. வாங்கும் முன் புதுப்பிக்கும் விலையைத் தேடிப் பாருங்கள், பொடி எழுத்தில் எங்கேயாவது இருக்கும். பூட்டுக் குறி காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தாமாகவே பொருத்திவிடும்.

2. வாயால் சொல்லக்கூடிய டொமைன் பெயர்

ரீலில் உங்கள் தளத்தின் பெயரைச் சொல்லப் போகிறீர்கள். கேட்டவர் அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது வரும் தொல்லை இங்கேதான் தலைகாட்டும். "தோட்டம்" என்பதை ஒருவர் "டிஎச்" போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் வெறும் "டி". நடுவில் ஒருவருக்கு ஒரு "டி", இன்னொருவருக்கு இரண்டு. "ழ" வரும் பெயர் என்றால் "இசட்எச்" போடுகிறவர் பாதி, "எல்" போடுகிறவர் பாதி. பெயரை முடிவு செய்யும் முன் வீட்டில் நான்கு பேரிடம் வாயால் சொல்லி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நான்கும் ஒன்றாக வந்தால் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், மக்கள் அதிகம் தவறாக எழுதும் ஒரு வடிவத்தையும் சேர்த்து வாங்கி அசல் பெயருக்குத் திருப்பிவிடுங்கள்.

டாட் இந்தியா என்ற தமிழ் முடிவோடே பெயர் பதிய முடியும். எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் அது புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடும். அதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாம், முதல் பெயராக வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று. டாட் காம் பெயர் வாங்கியதும், உங்கள் மின்னஞ்சல் சரியா என்று உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதைத் தட்டி உறுதி செய்யாவிட்டால் பெயரை முடக்க வேண்டும் என்பது டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதி. அந்தக் கடிதம் எனக்கு ஸ்பேம் பெட்டிக்குப் போயிருந்தது. பதினாறாம் நாள் தளம் திறக்கவில்லை. ஹோஸ்டிங்கில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் அலைந்தேன். வாங்கிய அன்றே அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்கள்.

அப்புறம், "தானாகப் புதுப்பி" என்று போட்டுவிட்டதால் கவலையில்லை என்று இருக்காதீர்கள். நிறுவனம் வெளிநாட்டினுடையது என்றால், 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த தானியங்கிக் கட்டண விதிகளுக்குப் பிறகு நம் கார்டுகளில் பணம் எடுபடாமல் போவது சகஜமாகிவிட்டது. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே கைபேசியில் நினைவூட்டல் வைத்து நீங்களே கட்டுங்கள். காலாவதியாகிக் குறிப்பிட்ட நாட்கள் தாண்டிவிட்டால், மீட்பதற்கென்று தனிக் கட்டணம், அதுவும் பெரிய கட்டணம், வந்து நிற்கும்.

3. கட்டுரையின் முகவரியைத் தமிழில் விடாதீர்கள்

தமிழ் போல ஆங்கிலம் அல்லாத எழுத்தில் எழுதுகிறவர்களுக்கு வரும் பிரச்சினை இது. ஆங்கிலத் தளங்களுக்கான வழிகாட்டிகளில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் தலைப்பை அப்படியே எடுத்துப் பக்கத்தின் முகவரியாக வைத்துக்கொள்ளும். உலாவியின் மேல்பட்டையில் பார்க்க அழகான தமிழாகத்தான் இருக்கும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒன்பது எழுத்துக்கு நீளும். "மாடித்தோட்டம்" என்ற ஒரு சொல்லில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்துக் கணினிக்கு 13 குறிகள். முகவரியில் அது 117 எழுத்தாகிவிடும். ஒரு முழுத் தலைப்பு என்றால் திரை நிறைய ஓடும். பார்க்கிறவர்கள் ஏதோ ஏமாற்று இணைப்பு என்று பயந்து தட்டாமல் விடுவார்கள். என்னிடம் ஒருவர், "எங்க தம்பி ஒருத்தனுக்கு இந்த மாதிரி லிங்க் தட்டித்தான் பணம் போச்சு, அதான் திறக்கலை" என்று நேராகவே சொன்னார். அவர் பயந்ததில் தப்பே இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. வேர்ட்பிரஸ் இந்த முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. ஒன்பது ஒன்பதாகப் போனால் 22 குறிகளோடு முடிந்துவிடும். தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். ஒரே சொற்களில் தொடங்கும் இரண்டு கட்டுரைகளின் முகவரி ஒன்றுபோல் ஆகி, இரண்டாவதன் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும்.

தீர்வு எளிது. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரித் துண்டை மட்டும் ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று சொல்லில், இடையில் சிறு கோடு போட்டு நீங்களே எழுதுங்கள். கட்டுரையை வெளியிடும் முன்பே செய்யுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழி திரும்புகிறதா என்று கட்டாயம் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே நூறு பேர் பகிர்ந்த இணைப்பு செத்துப்போனால் அது திரும்பக் கிடைக்காத இழப்பு.

4. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண்

எனக்கு அதிகம் பலன் கொடுத்தது இந்தப் படிதான்.

"லிங்க் பயோவில்" என்று போடுவதில் ஒரு கோளாறு இருக்கிறது. இன்று பயோவில் மண்கலவை இணைப்பு இருக்கும், அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டுக் கத்தரிக்காயை வைப்பீர்கள். ஆனால் ரீலை மக்கள் ஆறு மாதம் கழித்தும் பார்ப்பார்கள். அவர்கள் பயோவுக்குப் போனால் மண்கலவை இருக்காது.

அதனால் இப்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் எண் கொடுக்கிறேன். மண்கலவைக்கு 42 என்றால், தளத்தின் பெயருக்குப் பிறகு ஒரு சாய்கோடு போட்டு 42 என்று அடித்தால் நேராக அந்தக் கட்டுரை திறக்கும். ரீலில் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்: "முழு அளவும் தளத்தில், எண் 42." காதால் கேட்டவருக்கும் நினைவில் நிற்கிறது, ஆங்கில எழுத்துக்கூட்டலில் தயங்குகிறவருக்கும் கஷ்டமில்லை. ஒரு பாட்டி கமெண்டில் "42 பார்த்தேன் கண்ணு, சாம்பல் போடலாமா?" என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வேர்ட்பிரஸில் இதற்கு ரீடைரெக்‌ஷன் என்ற இலவச ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) இருக்கிறது. எந்த எண், எந்தக் கட்டுரை என்று இரண்டு கட்டத்தில் நிரப்பினால் போதும். இப்படி ஒரு முகவரியை இன்னொன்றுக்குத் திருப்பிவிடுவதைத்தான் வழித்திருப்பம் என்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அது தானாக 301 என்ற வகையைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். 301 என்றால் நிரந்தரம் என்று பொருள். வந்துபோனவரின் உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டுவிடும். பிறகு நீங்கள் 42-ஐ வேறு பக்கத்துக்கு மாற்றினாலும் அவருக்குப் பழைய பக்கமே திறக்கும். தற்காலிகம் என்று பொருள்படும் 302 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பயோவில் ஒரே ஓர் இணைப்பை நிரந்தரமாக வையுங்கள்: எண் வாரியாக எல்லாக் கட்டுரைகளையும் அடுக்கிய, உங்கள் தளத்திலேயே உள்ள ஒரு பக்கம். புதியது மேலே, ஒவ்வொன்றுக்கும் ரீலில் வந்த அதே படத்தின் சிறு வடிவம். வருகிறவர் எண்ணை மறந்திருந்தாலும் படத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். லிங்க்ட்ரீ போன்ற சேவைகளிலும் இதைச் செய்யலாம், தொடங்க எளிதாகவும் இருக்கும். ஆனால் வருகிறவர் முதலில் அவர்கள் பக்கத்தில் இறங்கி, இன்னொரு தட்டல் தட்டித்தான் உங்களிடம் வருவார். அந்த இடைவழி தேவையில்லை என்பது என் கருத்து.

வெளியார் நடத்தும் இணைப்புச் சுருக்கிகளையும் தவிர்த்துவிடுங்கள். கூகுளே தன் சுருக்கிச் சேவையில் புதிய இணைப்பு செய்வதை 2019 மார்ச்சில் நிறுத்தியது. புழக்கத்தில் இல்லாத பழைய இணைப்புகளையும் 2025 ஆகஸ்டில் கைவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் இணைப்புக்கே இந்தக் கதி. உங்கள் டொமைனில் இருக்கும் எண், நீங்கள் பணம் கட்டும் வரை உங்களுடையது.

5. படமும் தலைப்பும் சரியாகத் தெரிகிறதா?

இணைப்பை ஒட்டியதும் கீழே ஒரு படமும் தலைப்பும் வருமே, அதைப் பார்த்துத்தான் தட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். அந்தத் தகவலைப் பக்கத்துக்குள் மறைவாக எழுதி வைக்க வேண்டும், ஓப்பன் கிராஃப் என்று பெயர். யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற இலவச ப்ளகின்கள் அதை எழுதித் தந்துவிடும். படம் 1200-க்கு 630 பிக்சல் அளவில் இருக்கட்டும். கோப்பு 300 கேபிக்குள் இருந்தால் நல்லது. கனமான படம் வாட்ஸ்அப்பில் தெரியாமலே போகும்.

படத்தின் மேல் தமிழில் எழுதுவதென்றால் நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். கைபேசியில் அது கட்டைவிரல் அளவில்தான் தெரியும்.

ஃபேஸ்புக்கில் பழைய படமே வந்துகொண்டிருந்தால் பதற்றப்படாதீர்கள். முதல்முறை பார்த்ததை அது சேமித்து வைத்திருக்கிறது. மெட்டாவின் ஷேரிங் டீபக்கர் என்ற பக்கத்தில் உங்கள் இணைப்பை ஒட்டி, மீண்டும் எடுக்கச் சொல்லும் பொத்தானை அழுத்தினால் புதியது வந்துவிடும். வாட்ஸ்அப்பில் முன்னோட்டத்தை உருவாக்குவது அனுப்புகிறவரின் கைபேசி. ஒட்டியவுடனே அனுப்பிவிடாமல் இரண்டு விநாடி பொறுங்கள், படம் வந்த பிறகு அனுப்புங்கள். நான் மாதக்கணக்கில் படமில்லாத மொட்டை இணைப்புகளை அனுப்பிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அந்த இரண்டு விநாடிதான்.

6. எந்தச் செயலியில் இணைப்பை எங்கே வைப்பது

இன்ஸ்டாகிராம்: கேப்ஷனிலும் கமெண்டிலும் எழுதும் முகவரியைத் தட்ட முடியாது. அங்கே நீளமான முகவரி ஒட்டுவது வீண் வேலை, எண்ணை மட்டும் எழுதுங்கள். பயோவில் 2023 ஏப்ரலிலிருந்து ஐந்து இணைப்புகள் வரை வைக்கலாம். ஆனால் முதல் இணைப்புதான் வெளியே தெரியும், மற்றவை இன்னொரு தட்டலுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கர் எல்லாக் கணக்குக்கும் உண்டு. அதில் முகவரிக்குப் பதிலாக "மண்கலவை அளவு இங்கே" என்று தமிழில் எழுத்தை மாற்றலாம். கட்டாயம் மாற்றுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், அதனால் ஹைலைட்டில் சேர்த்துவிடுங்கள். ரீலில் எண்ணைத் திரையில் எழுதும்போது அடிப்பகுதியில் போடாதீர்கள், கேப்ஷன் வந்து மறைத்துவிடும். நடுவுக்குச் சற்று மேலே போடுங்கள்.

"லிங்க் ப்ளீஸ்" என்று கமெண்ட் போடுகிறவர்களுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் சேவைகள் இருக்கின்றன. தினம் நூறு பேர் கேட்டால் யோசிக்கலாம். பத்திருபது பேர் என்றால் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டு, சேமித்த பதில்களிலிருந்து நீங்களே அனுப்புங்கள். எந்தச் சேவையாக இருந்தாலும் உங்கள் இன்ஸ்டாகிராம் கடவுச்சொல்லைத் தன் பக்கத்தில் எழுதச் சொன்னால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஒழுங்கான சேவை மெட்டாவின் நுழைவுப் பக்கம் வழியாகத்தான் அனுமதி கேட்கும்.

யூடியூப்: விளக்கத்தில் உங்கள் தள முகவரி தட்டக்கூடியதாக இருக்க வேண்டுமென்றால், சானலுக்கு மேம்பட்ட அம்சங்கள் திறந்திருக்க வேண்டும். அதற்கு முதலில் தொலைபேசிச் சரிபார்ப்பு. பிறகு அடையாளச் சான்று அல்லது முகத்தைக் காட்டும் சிறு வீடியோ. இரண்டும் வேண்டாம் என்றால், சானல் ஒழுங்காக நடந்த வரலாறு சேரும் வரை காத்திருக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அவசரம் என்றால் சான்றைக் கொடுத்துவிடுவது மேல். இணைப்பை விளக்கத்தின் முதல் இரண்டு வரிக்குள் வையுங்கள், "மேலும்" என்பதை யாரும் விரிப்பதில்லை. ஷார்ட்ஸில் நிலைமை வேறு. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கமெண்டிலும் உள்ள இணைப்பைத் தட்டினால் திறக்காது. ஷார்ட்ஸிலிருந்து உங்கள் முழு வீடியோவுக்கு வழி கொடுங்கள், அங்கிருந்து தளத்துக்கு. வீடியோ முடிவில் வரும் திரையில் தள இணைப்பு வைப்பது வருமானத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான்.

ஃபேஸ்புக் பக்கத்தில் இணைப்பை நேராகப் பதிவிலேயே போடலாம். வெறும் இணைப்பை ஒட்டிவிட்டுப் போகாமல், கட்டுரையில் உள்ள பயனுள்ள ஒன்றை நான்கு வரியில் சொல்லிவிட்டு மீதிக்கு வழி காட்டுங்கள்.

வாட்ஸ்அப்தான் எனக்குப் பிடித்த வழி. குழு என்றால் 1,024 பேர் வரைதான், எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பலர் அதனாலேயே சேரத் தயங்குவார்கள். ஒளிபரப்புப் பட்டியல் என்றால், உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். சானலில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. சேர்ந்தவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, இணைப்பைத் தட்டித் திறக்கலாம், படமும் வரும். வாரத்துக்கு இரண்டு மூன்று இணைப்புக்கு மேல் அனுப்பாதீர்கள். ஆடிப்பட்டம் தொடங்கும் வாரத்தில் விதைப்புக் கட்டுரையை அனுப்பினால் தேடி வந்து படிக்கிறார்கள். அதே கட்டுரையை மார்கழியில் அனுப்பினால் சீண்டுவாரில்லை. உங்கள் துறைக்கும் இப்படி ஒரு பருவம் இருக்கும்: பள்ளி திறக்கும் ஜூன், தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம், முகூர்த்த மாதங்கள். நாட்காட்டியை வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

7. செயலிக்குள் திறக்கும் உலாவியைச் சோதித்துப் பாருங்கள்

இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ இணைப்பைத் தட்டினால் குரோம் திறப்பதில்லை. அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு சிறு உலாவி திறக்கும். கணினியில் எல்லாம் சரியாக இருந்த உங்கள் தளம் அங்கே தடுமாறலாம். வாசகர் குரோமில் உள்நுழைந்திருந்தாலும் இங்கே மீண்டும் கடவுச்சொல் கேட்கும். நீங்கள் விதையோ புடவையோ விற்கிறீர்கள் என்றால் யுபிஐ செயலி பல நேரம் திறக்காமல் நின்றுவிடும். பணம் கட்டும் பக்கத்தின் மேலேயே "மூன்று புள்ளியைத் தட்டி வெளி உலாவியில் திறக்கவும்" என்று ஒரு வரி எழுதி வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் வீட்டு வைஃபையில் சோதிக்காதீர்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியை எடுத்துக்கொண்டு பேருந்தில் போகும்போது திறந்துபாருங்கள். கேமராவில் எடுத்த நாலைந்து எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். படங்களை வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றிச் சுருக்குங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் எங்கே கனம் என்பதை இலவசமாகக் காட்டும்.

அப்புறம், வந்தவுடன் திரையை மறைத்து "மின்னஞ்சல் கொடுங்கள்" என்று கேட்கும் பெட்டியை எடுத்துவிடுங்கள். கேட்பதாக இருந்தால் கட்டுரைக்குக் கீழே கேளுங்கள், எதற்காக என்று சொல்லிக் கேளுங்கள். மின்னஞ்சலோ எண்ணோ வாங்கினால் ஒப்புதலோடு வாங்க வேண்டும் என்று 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

8. யார் எங்கிருந்து வந்தார்கள்

தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசம். பொருத்த அரைமணி நேரம் போதும். ஆனால் அதை மட்டும் நம்பினால் வாட்ஸ்அப்பில் இருந்து வந்தவர்கள் பெரும்பாலும் "நேரடி" என்ற கணக்கில் விழுவார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது. அதற்காக இணைப்பின் வாலில் யுடிஎம் குறிகளை ஒட்ட வேண்டும்: எந்தச் செயலி, அதில் எந்த இடம், எந்தப் பதிவு. கூகுளே தரும் கேம்பெய்ன் யூஆர்எல் பில்டர் பக்கத்தில் நிரப்பினால் முழு இணைப்பும் கிடைக்கும். வால் நீளமாக இருக்குமே என்று கவலை வேண்டாம், அதை எண் வழித்திருப்பத்துக்குள் வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்புக்கு 42-உடன் "டபிள்யூ" சேர்த்து ஒன்று, இன்ஸ்டாகிராமுக்கு "ஐ" சேர்த்து ஒன்று. வாயால் சொல்லும் வெறும் 42 தனி.

இதில் இரண்டு பொறிகள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாக எண்ணப்படும், அதனால் எப்போதும் சிறிய எழுத்து என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, உங்கள் தளத்துக்குள் ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பில் இந்த வாலை ஒட்டக் கூடாது. ஒட்டினால் கணக்கே குழம்பிவிடும்.

பொருத்தியவுடன் எண்கள் வரவில்லையே என்று பிரித்து மேயாதீர்கள். நிகழ்நேரப் பகுதியில் உடனே தெரியும், மற்ற அறிக்கைகள் வர 24 முதல் 48 மணி நேரம் ஆகும். இரண்டு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். அதற்கு முன் காசு கொடுத்துப் பதிவை பூஸ்ட் செய்யவும் வேண்டாம்.

9. பழைய பதிவுகளும் அச்சடித்த தாள்களும்

புதிய பதிவுகளை ஒழுங்குபடுத்திய பிறகு பழையவற்றுக்குத் திரும்புங்கள். எல்லாவற்றையும் தொட வேண்டாம். இன்னமும் பார்வை வந்துகொண்டிருக்கும் முதல் இருபது ரீலையும் வீடியோவையும் எடுத்து, கேப்ஷனில் "லிங்க் பயோவில்" என்பதை அழித்து எண்ணை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் என்றால் இரண்டு மாலையில் முடிந்துவிடும். யூடியூப் விளக்கங்களில் செத்த இணைப்பு ஏதும் இருக்கிறதா என்று அப்போதே தட்டிப் பார்த்துவிடலாம்.

துண்டுச்சீட்டு, பை, விதைப் பொட்டலம் என்று எதிலாவது க்யூஆர் குறி அச்சிடப் போகிறீர்களா? இலவசம் என்று சொல்லும் பல க்யூஆர் தளங்கள் தங்கள் முகவரி வழியாகத் திருப்பிவிடும் குறியைத்தான் தருகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லி அது நின்றுவிடும். எனக்கு அப்படி நின்றபோது அச்சடித்த சீட்டுகள் பாதிக்கு மேல் கையில் மிச்சம் இருந்தன. எண்ணோடு கூடிய உங்கள் சொந்த முகவரியை நேராகக் குறியாக்குங்கள், குரோம் உலாவியிலேயே அந்த வசதி இருக்கிறது. பின்னால் கட்டுரையை மாற்ற நினைத்தாலும் வழித்திருப்பத்தை மாற்றினால் போதும், சீட்டை மாற்ற வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தாளில் அசல் அளவிலேயே எடுத்து, இரண்டு மூன்று கைபேசிகளில் வெயிலிலும் நிழலிலும் காட்டிப் பாருங்கள். குறிக்குக் கீழே எண்ணையும் எழுத்தில் போடுங்கள். கேமராவைக் காட்டத் தெரியாதவர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்வார்.